மெய்யியல்: பெயரும் பிரிவும்

கிரேக்க மெய்யியலின் தொடக்கம் ஏதென்சில் அன்று. சின்ன ஆசியக் கடற்கரை நகரமாகிய மிலேட்டஸில் காணத்தக்கது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அந்நகரத்துத் தேல்ஸ், அனைத்திற்கும் மூலம் நீரே என்றார். அவர்தம் மாணவராகக் கருதப்படும் அனாக்சிமாண்டர் அதனை ஏற்காது, எல்லையற்றதொன்றே மூலம் என்றார். இருவர் விடையினும் இம்மறுப்பே பெரிதெனல் தகும். ஆசிரியர் கூற்றும் ஆராய்ச்சிக்குரியதாயிற்று.

பிற்காலத்து ஸ்டோயிக்கர் இத்துறையை அளவையியல், இயற்கையியல், அறவியல் எனப் பகுத்தனர். ‘மெட்டாபிசிக்ஸ்’ என்னும் பெயரோ அரிஸ்டாட்டில் இட்டதன்று. அவர் நூல்களைத் தொகுத்தோர் இயற்கை பற்றிய நூல்களுக்குப் பின் அதனை வைத்தமையால் எழுந்தது என்பர்.

‘பிலோசோபியா’ என்பதற்கு அறிவின்பாற் கொண்ட காதல் என்பது பொருள். நாம் வழங்கும் ‘மெய்யியல்’ ஆராயப்படும் பொருளைச் சுட்டுகிறது. தேடுவோன் வேட்கையைச் சுட்டவில்லை. பாடநூல் எழுதுவோர் இவ்வேறுபாட்டை முதற்பக்கத்திலேயே விளக்குதல் வேண்டும்.