கொல்லிமலைக் காய்ச்சலும் கர்த்தரின் சித்தமும்

நாமகிரிப்பேட்டையின் மஞ்சள் வயல்களிலிருந்து தெற்கே நோக்கினால் சுவரெனத் தெரியும் கொல்லிமலை, மலேரியாவின் கொடுமையால் சமவெளி மக்கள் இராத்தங்க அஞ்சிய இடமாக முன்பு இருந்தது. 1913-இல், மணமான கையோடு அம்மலையில் குடியேறிய மிஷனரிகள் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும், துன்பமும் கடவுளின் சித்தத்துக்கு உட்பட்டதே என்னும் கிறிஸ்தவ சமயத்தின் மிகக் கடினமான கோட்பாட்டைத் தம் விசுவாசத்தின் அஸ்திவாரமாகக் கொண்டவர்கள். தீமை என்பது நன்மையின் குறைவே என்று அகஸ்டின் சமாதானம் சொன்னார். இறைவன் தீமையை வெறுமே அனுமதிக்கிறார் என்னும் பேச்சைக் கால்வின் ஏற்கவில்லை. நிகழ்வன அனைத்தும் கடவுளின் ஆணைக்கு உட்பட்டவை, ஆயினும் பாவத்துக்கு அவர் கர்த்தாவல்லர் என்று 1689-இல் ஏற்கப்பட்ட பாப்டிஸ்ட் விசுவாச அறிக்கை இரண்டையும் ஒருசேரக் கூறிற்று. பிராண்ட் தம்பதியரை அனுப்பிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தது.

சில ஆண்டுகள் மலைமக்கள் அவர்களுடைய மருந்தை ஏற்றார்கள், மதத்தை ஏற்கவில்லை. முதல் உலகப் போரின் முடிவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலில், அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் வீழ்ந்துகிடக்க, பிறர் அண்ட அஞ்சிய அக்குடிசைக்குள் இவர்கள் புகுந்து பணிவிடை செய்தனர். சாகும் தறுவாயில் அவர் தம் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். அதன்பின் மலையில் சபை தோன்றியதால், மிஷனரிச் சரித்திரங்களில் இது தெய்வச் செயலாகவே வர்ணிக்கப்படுகிறது. இரண்டு வெள்ளையர் காட்டிய தயையை நான் வணங்குகிறேன். ஆனால் ஒரு மனிதனின் மரணத்தை ஒரு சபையின் படிக்கட்டாகக் கருத என் மனம் இசையவில்லை. அவ்வாறு கணக்குப் பார்ப்போர் 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவந்த ஜெஸ்ஸியே கருநீர்க் காய்ச்சலால் மாண்டதற்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

படிப்புக்காக 9 வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டிருந்த மகன் பால் பிராண்டுக்கு, தந்தையின் மரணச் செய்தி எட்டிய பிறகும் அவர் முன்னரே எழுதியிருந்த கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. அந்த மகன் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டரோகிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுவன அல்ல, வலி உணர்ச்சி அற்றுப்போனமையால் சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் தேய்ந்து அழிவன என்பதைக் கண்டறிந்தார். பின்னர் அமெரிக்காவில், உணர்விழந்த கைகளுக்கு ஆபத்தை அறிவிக்கும் மின்கருவி பொருத்திய கையுறை ஒன்றை அவருடைய குழு செய்து பார்த்தது. விசை தம் வசம் இருக்கும்வரை, வேலைக்கு இடைஞ்சலான எச்சரிக்கையை நோயாளிகள் அணைத்துவிட்டனர், முயற்சி தோற்றது. மனிதன் விரும்பியபோது நிறுத்த முடியாததாக இருந்தால்தான் வலி அவனைக் காக்கும் என்று உணர்ந்த அவர், வலியை இறைவனின் கொடை என்றே 1993-இல் வெளிவந்த நூலில் எழுதினார். துன்பத்துக்கும் படைத்தவனுக்கும் உள்ள உறவைக் குறித்து இதற்கு நிகரான விளக்கத்தை நான் அறியேன். எனினும் அது உடலைக் காக்கும் வலியை மட்டுமே நியாயப்படுத்துகிறது. காலைத் துளைத்து வெளிவரும் நரம்புச்சிலந்தியின் வேதனை எவரைக் காத்தது? கணவனை இழந்த மனைவியின் துக்கம் எந்தக் காயத்தைத் தடுத்தது?

யோபுவின் ஆகமத்திலும் இக்கேள்விக்கு விடை இல்லை. கர்த்தர் சூறைக்காற்றிலிருந்து பேசுகிறார், யோபு பணிகிறான், காரணம் மட்டும் சொல்லப்படுவதில்லை. ஈவ்லினும் காரணம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 68 வயதில் மிஷன் மறுபடி அனுப்ப மறுத்தபோது, சேவையிலிருந்து விலகித் தம் பொறுப்பிலேயே மலைக்குத் திரும்பி, மட்டக்குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று, 1974-இல் தமது 95-ஆம் வயதில் மறையும்வரை வைத்தியம் பார்த்தார். நரம்புச்சிலந்தியின் கிருமி படிக்கிணற்று நீரில் வாழும் நுண்பூச்சிகளின் வழியே பரவுகிறது என்பதை அறிந்த அவர், நீரைத் துணியால் வடிகட்டிக் குடிக்கும்படி வீடுவீடாகச் சொல்லிவந்தார். இந்தியாவில் அந்நோயின் கடைசி நோயாளி 1996-இல் பதிவானார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை அந்நோயற்றதாக அறிவித்தது.