டி.என்.ஏ மெத்திலேற்ற வரைபடம்

டி.என்.ஏ மெத்திலேற்ற வரைபடம் என்பது, ஓர் உயிரியின் மரபணுத்தொகையில் எந்தெந்தச் சைட்டோசின்மேல் மெத்தில் தொகுதி ஏறியிருக்கிறது என்று இடம்வாரியாகக் காட்டும் பதிவு. பாலூட்டிகளில் இம்மாற்றம், டி.என்.ஏ வரிசை மாறாமலே மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்த உதவுகிறது. ஒரே உடலின் கல்லீரலுக்கும் மூளைக்கும் வரிசை ஏறத்தாழ ஒன்றே, மெத்திலேற்றம் வேறு. ஆகவே செல்வகை ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம் வேண்டும்.

மனித மரபணுத்தொகையில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள் சுமார் 2.8 கோடி. பெரும்பாலான செல்களில் அவற்றுள் 70 முதல் 80 விழுக்காடு மெத்திலேறியவை. பல மரபணுக்களின் தொடக்கத்தில் இத்தகைய இடங்கள் நெருங்கிய பகுதிகள் உண்டு. அவை பெரும்பாலும் மெத்தில் இன்றியே இருக்கும்.

இடத்தை அறியும் வழியை 1992இல் ஆஸ்திரேலியாவில் மேரியான் ஃப்ரோமர் குழுவினர் வகுத்தனர். பைசல்பைட்டு என்னும் வேதிப்பொருள், மெத்தில் இல்லாத சைட்டோசினை யுராசிலாக்கும். படிக்கும்போது அது தைமினாகத் தெரியும். மெத்திலேறியது சைட்டோசினாகவே நிற்கும். 2009இல் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஜோசப் எக்கர் குழு, இம்முறையால் மனித மரபணுத்தொகை முழுவதையும் ஒவ்வோர் எழுத்தாக வரைந்தது. கருநிலைக் குருத்தணுக்களின் மெத்திலேற்றத்தில் ஏறக்குறைய கால் பங்கு, பின்னால் குவானின் வராத சைட்டோசின்களில் இருந்தது எதிர்பாராத செய்தி.

அதே ஆண்டு இன்னொரு கண்டுபிடிப்பு இவ்வரைபடங்களின் பொருளையே மாற்றியது. நேதனியல் ஹைன்ட்ஸ் குழுவும் அஞ்சனா ராவ் குழுவும் பாலூட்டிகளின் டி.என்.ஏவில் ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசினைக் கண்டறிந்தன. மெத்தில் சைட்டோசினை டெட் நொதிகள் ஆக்சிசனேற்றுவதால் உண்டாகும் இது, நரம்பணுக்களில் மிகுதி. பைசல்பைட்டுக்கு இவ்விரண்டும் ஒன்றே. அதனால் பழைய மூளை வரைபடங்களில் மெத்தில் என்று குறித்த இடங்களை இரண்டின் கூட்டாகவே படிக்க வேண்டும். இதை மறந்தால் முடிவே பிழையாகிவிடும்.

2012இல் இச்சிக்கலுக்கு இரு தீர்வுகள் வந்தன. சென்னையில் பிறந்த கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் சங்கர் பாலசுப்ரமணியன் குழு, ஹைட்ராக்சிமெத்திலை மட்டும் முதலில் ஆக்சிசனேற்றிப் பைசல்பைட்டால் மாறச் செய்தது. வழக்கமான பைசல்பைட்டு அளவீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே விடை. சிகாகோவின் சுவான் ஹீ குழு, ஹைட்ராக்சிமெத்திலைக் குளுக்கோசால் காத்து நேரடியாகவே படித்தது. கழித்துப் பெறும் விடையில் இரண்டு அளவீடுகளின் பிழையும் சேருமாதலால், ஹைட்ராக்சிமெத்தில் குறைந்த திசுக்களுக்கு இரண்டாவதே பொருத்தம்.

இவ்வரைபடங்களைப் பல இனங்களுக்கு விரித்தவர் ஆய்வாளர் ஸ்டீவ் ஹார்வத். அவர் முன்னின்ற கூட்டமைப்பு, பாலூட்டிகளிடையே மாறாது நீடிக்கும் சுமார் 36,000 இடங்களை மட்டும் அளக்கும் சில்லைக் கொண்டு 348 இனங்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. இனங்களின் உச்ச ஆயுளோடு தொடர்புடைய மெத்திலேற்ற அமைப்புகள் அதில் தெரியவந்தன.