42க்கு 260: ஷாங்காய் அட்டவணையும் ஒரு தீராத வாக்குவாதமும்

சில மாதங்களாக ஒரு சின்ன அட்டவணை என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. மொத்தமே நான்கு எண்கள்தான். போலீஸ் தரப்பில் இறந்தவர்கள் 42, காயம்பட்டவர்கள் 100. குற்றவாளிகள் தரப்பில் இறந்தவர்கள் 260, காயம்பட்டவர்கள் 193. பன்னிரண்டரை ஆண்டுகளில் ஷாங்காய் நகரசபைப் போலீஸ் சந்தித்த 666 ஆயுத மோதல்களில், கைத்துப்பாக்கிச் சண்டைகளின் கணக்கு இது. 1942ல் வந்த ‘ஷூட்டிங் டு லிவ்’ என்ற சிறிய புத்தகத்தில் இருக்கிறது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி சுடுவது எப்படி என்று உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும், அரை மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் இந்த எண்களை எடுத்து மேசைமேல் போடுவார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் துப்பாக்கி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. லாக் ஃபைல்களைப் பார்த்து எது எதனால் நடந்தது என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அந்தக் கண்ணோடுதான் இதைப் படித்தேன். ஒரு நுட்பம் இன்னொன்றைவிட நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோதித்துப் பார்க்கவே முடியாத விஷயத்தில் சாட்சி என்பது எது?

புத்தகத்தை எழுதியவர்கள் இருவர். வில்லியம் ஃபேர்பேர்ன் 1907ல் ஷாங்காய் போலீஸில் சேர்ந்த ஆங்கிலேயர். ஜூடோவில் டோக்கியோவின் கோடோகான் பள்ளியிலேயே கறுப்புப் பட்டை வாங்கியவர். கூட்டாளி எரிக் சைக்ஸ். ஷாங்காயின் சர்வதேசக் குடியிருப்பு என்பது சுமார் 22 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேல் ஜனம். கடத்தல், கொள்ளை, அபின், அரசியல் கொலை எல்லாம் அந்தச் சந்துகளுக்குள்தான். போலீஸில் ஆங்கிலேயர்கள், சீனர்கள், கூடவே நம் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள். சீக்கியக் காவலர்கள் 1880களிலிருந்தே அங்கே இருந்தார்கள்.

அன்றைக்குப் போலீஸுக்குச் சொல்லிக்கொடுத்த முறை எது என்று தெரிய வேண்டுமானால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் ஒரு கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, மறு கையை நீட்டி அலட்டிக்கொள்ளாமல் சுட்ட அந்தப் படம் வாட்ஸப்பில் எல்லோருக்கும் வந்திருக்கும். ஏறக்குறைய அதேதான். நிதானமாக நின்று, மூச்சை அடக்கி, முன்குறியையும் பின்குறியையும் ஒரு கோட்டில் கொண்டுவந்து, வட்டப் பலகையின் நடுவில் சுடு. மைதானத்தில் பிரமாதமான முறை. ஃபேர்பேர்ன் கேட்டது ஒரே கேள்வி: இருட்டுச் சந்தில், 10 அடி தூரத்தில், எதிராளி உன்னைச் சுட ஆரம்பித்த பிறகு இதில் எது மிஞ்சும்?

அவருடைய பதில், ஒன்றுமே மிஞ்சாது. மனுஷன் தானாகவே குனிவான். கை துப்பாக்கியை நசுக்குகிற மாதிரி இறுக்கும். வெளிச்சம் இருக்காது, குறியைப் பார்க்க நேரமும் இருக்காது. அப்படியானால் அந்தக் குனிதலையும் இறுக்கத்தையுமே பயிற்சியாக்கிவிடு என்றார். விரலை நீட்டிக் காட்டுவதுபோல் துப்பாக்கியை எதிராளியை நோக்கி உயர்த்து, கண் அவன்மேல் இருக்கட்டும், சுடு. இதைத்தான் பிற்பாடு ‘பாயின்ட் ஷூட்டிங்’ என்றார்கள். கூடவே இன்னொன்றும் செய்தார். துப்பாக்கியின் சேஃப்டியை நிரந்தரமாக முடக்கிவிட்டு, உள்ளே தோட்டா ஏற்றாமலே உறையில் வைக்கச் சொன்னார். வெளியே எடுக்கும் அசைவிலேயே தோட்டா ஏற்றிக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் விரல் நுனியால் ஒரு குட்டி நெம்புகோலைத் தேடுகிற வேலையே வேண்டாம் என்பது கணக்கு. ஒரு டிசைன் முடிவாகப் பார்த்தால் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அவர் கட்டிய பயிற்சி வீடும் முக்கியம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஆள் நுழைய வேண்டும். இருட்டு, திடீர்ச் சத்தம், திடீரென எழும் பொம்மை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சரி, அட்டவணைக்கு வருவோம். 42க்கு 260 என்றால் ஒருவருக்கு ஆறு பேருக்கும் மேல். இது முறையின் வெற்றியா? கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் ஓட்டைகள் தெரிகின்றன. எத்தனை தோட்டாக்கள் சுடப்பட்டன என்று அட்டவணையில் இல்லை. ஒரு ஆளுக்கு எத்தனை போலீஸ்காரர்கள் போனார்கள் என்று இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று இல்லை. பழைய முறையில் பயிற்சி பெற்றிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதற்கு ஒப்பிட எதுவுமே இல்லை. யார் ‘குற்றவாளி’ என்று எழுதியவர்களும் போலீஸ்தான். 1925 மே 30 அன்று இதே போலீஸின் ஒரு ஆங்கிலேய இன்ஸ்பெக்டர், சீன, சீக்கியக் காவலர்களுக்கு உத்தரவிட்டு நான்கிங் சாலையில் போராட்டக்காரர்களைச் சுடவைத்தார். சீனா முழுக்கப் பற்றிக்கொண்ட சம்பவம் அது. அதற்குப் பிறகுதான் ஃபேர்பேர்ன் கலவரத் தடுப்புப் படையை உருவாக்கினார். காலனி நகரத்தின் கணக்குப் புத்தகத்தை அப்படியே ஆய்வறிக்கை மாதிரி படிக்க முடியாது.

இரண்டாம் உலகப் போரில் இருவரும் பிரிட்டனுக்குத் திரும்பி கமாண்டோக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்கத் தரப்பில் ரெக்ஸ் ஆப்பிள்கேட் ஃபேர்பேர்னிடம் கற்று, 1943ல் ‘கில் ஆர் கெட் கில்டு’ எழுதினார்.

பிறகு கலிபோர்னியா. 1950களின் கடைசியில், பிக் பேர் லேக் என்ற மலை ஊரில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் படை வீரர் போட்டிகள் நடத்தினார். உறையிலிருந்து எடுத்து யார் முதலில் இலக்கைச் சுடுகிறார்கள் என்பதுதான் ஆட்டம். கௌபாய் படங்களைப் பார்த்து வளர்ந்த கூட்டம், எல்லோரும் இடுப்போரமாகவே சுட்டார்கள். கூப்பரும் அந்தக் கட்சிதான். அங்கே வந்தார் ஜாக் வீவர், லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் ஷெரிஃப் துறை ஆள். இரண்டு கையாலும் பிடித்து, துப்பாக்கியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, குறியைப் பார்த்துச் சுட்டார். பார்க்க மெதுவாக இருந்தது. ஆனால் மற்றவர்கள் வேகவேகமாகக் கோட்டைவிட, இவர் ஒரே தடவையில் அடித்தார். 1959ல் ஜெயித்தார்.

கூப்பர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். தன் மைதானத்தில் தன் கட்சி தோற்பதைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்வது சுலபமில்லை. வலக்கை தள்ள, இடக்கை இழுக்க நிற்கும் ‘வீவர் நிலை’யை அவர்தான் உலகம் முழுக்கப் பரப்பினார். 1976ல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அதே ஆண்டு சர்வதேசப் போட்டி அமைப்பான ஐபிஎஸ்சியும் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், 1980களில் அதே போட்டிகளில் ராப் லீதம், பிரையன் ஈனாஸ் இருவரும் இரண்டு கைகளையும் நேராக நீட்டி, எதிராளிக்கு நேர் முகமாக நின்று வீவர் நிலையையே பின்னுக்குத் தள்ளினார்கள். அதற்கு ‘ஐசோசிலீஸ்’ என்று பெயர். நம் ஒன்பதாம் வகுப்பு இருசமபக்க முக்கோணம்தான்.

இரண்டு கட்சியில் யார் சொல்வது சரி? தெர்மோடைனமிக்ஸ் எல்லாம் வேண்டாம், பள்ளிக்கூட முக்கோணமே போதும். கைத்துப்பாக்கியின் இரு குறிகளுக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டர். பதற்றத்தில் முன்குறி 1 மில்லிமீட்டர் விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டரில் தோட்டா 2 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 7 மீட்டரில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். 25 மீட்டரில் கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர். ஆக, ஃபேர்பேர்ன் சந்துக்குள் நின்றுகொண்டு குறி வேண்டாம் என்கிறார், கூப்பர் மைதானத்தில் நின்றுகொண்டு குறி வேண்டும் என்கிறார். அவரவர் தூரத்துக்கு அவரவர் சொல்வது சரி. எண்பது வருஷமாக இதற்கா இத்தனை ரத்தக்கொதிப்பு என்று தோன்றும்.

ஆனால் கூப்பரின் சாட்சியிலும் ஓட்டை இருக்கிறது. போட்டியில் நேரத்தை அளக்கலாம், அடியை எண்ணலாம், நூறு தடவை திரும்பச் செய்யலாம். ஃபேர்பேர்னிடம் இல்லாத எல்லாம் அங்கே உண்டு. ஒன்றே ஒன்று இல்லை. யாரும் திருப்பிச் சுடமாட்டார்கள். டெஸ்ட் சர்வரில் எல்லாம் பச்சையாக ஓடுகிறது, புரொடக்‌ஷனில் என்ன ஆகும் என்று கேட்டால் தெரியாது என்ற நிலைமை.

புரொடக்‌ஷன் கணக்கு நியூயார்க்கில் இருக்கிறது. அந்த நகரப் போலீஸ் 1969லிருந்து துப்பாக்கிச் சூடுகளைப் படிவம் போட்டுப் பதிந்துவந்தது. 2008ல் ராண்ட் நிறுவனம் அந்தப் போலீஸின் பயிற்சியை ஆராய்ந்தது. 1998 முதல் 2006 வரை, இரு தரப்பும் சுட்டுக்கொண்ட மோதல்களில் போலீஸ் அடித்தது 18 சதவீதம். எதிராளி திருப்பிச் சுடாதபோது 30 சதவீதம். 7 கஜத்துக்குள், அதாவது ஒரு அறையின் நீளத்துக்குள், 37 சதவீதம். மைதானத்தில் தேர்ச்சி பெற்ற, குறி பார்த்துச் சுடக் கற்ற போலீஸ்காரர்கள் இவர்கள்.

மீதித் தோட்டாக்கள் எங்கே போயின? 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில், ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு வந்த ஆளை இரண்டு போலீஸ்காரர்கள் 16 தோட்டாக்களால் வீழ்த்தினார்கள். தெருவில் போன 9 பேர் காயப்பட்டார்கள். ஒன்பது பேரும் போலீஸ் தோட்டாவாலோ அதன் சிதறல்களாலோ அடிபட்டவர்கள். வலைவாசல் விவாதங்களில் ‘எந்த நிலை வேகமானது’ என்று கால் நொடிக்கு அடித்துக்கொள்பவர்கள் இந்த ஒன்பது பேரைப் பற்றிப் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு சிக்கல், கதைகள். 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹாலில் ஒரு உணவகத்தின் வாகன நிறுத்தத்தில், சில நிமிடங்களில் நான்கு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவரைப் பற்றிப் பல பத்தாண்டுகள் பயிற்சிப் பள்ளிகளில் ஒரு கதை சொன்னார்கள். ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்பும்போது, மைதானத்தில் பழகியபடியே காலிக் கூடுகளைப் பொறுக்கி பாக்கெட்டில் போட்டுக்கொண்டாராம், அந்த நொடிகளில்தான் செத்தாராம். பழக்கம் உயிரை எடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? பிற்பாடு ஆவணங்களைத் தோண்டியவர்கள், கூடுகள் பாக்கெட்டில் இல்லை, தரையில்தான் கிடந்தன என்று காட்டினார்கள். செத்துப்போன ஒரு இளைஞரின் மேல் இல்லாத தவறை ஏற்றி, பாடம் நடத்திவிட்டார்கள்.

கதை பொய். ஆனால் பயிற்சியின் குறை நிஜம். மெல்லிய உதையுள்ள .38 தோட்டாக்களில் பழகவிட்டு, பணியில் பலமாக உதைக்கும் .357 மேக்னத்தைக் கொடுத்தார்கள் என்பது நியூஹாலுக்குப் பிறகு வெளிப்படையாகப் பேசப்பட்டு மாற்றப்பட்டது. உண்மையான காரணம் கையில் இருக்கும்போது எதற்குக் கட்டுக்கதை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இதேபோல் 1983ல் சால்ட் லேக் சிட்டி போலீஸின் டென்னிஸ் டியூலர், கத்தியோடு ஓடிவரும் ஆள் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்று அளந்து எழுதினார். எச்சரிக்கைக்காகச் சொன்ன அளவை மற்றவர்கள் ‘21 அடி விதி’ ஆக்கி நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள்.

நான் தேடியதில் ஓரளவு ஒழுங்கான சோதனை என்று சொல்லத்தக்கது நெதர்லாந்தில் நடந்தது. நியூவன்ஹவுஸ், அவுடெயான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், போலீஸ்காரர்களை அட்டைப் பொம்மையைச் சுடவைத்தார்கள். பிறகு, திருப்பிச் சுடும் நிஜ ஆளை எதிரே நிறுத்தினார்கள். அவர் சுட்டது சோப்புக் குண்டுதான், பட்டால் வலிக்கும், சாகமாட்டார்கள். துல்லியம் சட்டென்று விழுந்தது. 2011ல் வெளியான அடுத்த ஆய்வில் ஒரு குழுவை அந்தப் பயத்தோடேயே பழக்கினார்கள், இன்னொரு குழுவை அட்டையோடு. பயத்தோடு பழகியவர்களின் துல்லியம் அழுத்தத்திலும் விழவில்லை, சில மாதம் கழித்துச் சோதித்தபோதும் நிலைத்தது. அட்டையோடு பழகியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

ஃபேர்பேர்னின் பயிற்சி வீடு ஞாபகம் இருக்கிறதா? இருட்டு, சத்தம், எதிர்பாராத பொம்மை. அவரைப் பின்பற்றியவர்கள் குனிந்து சுடுவதை எடுத்துக்கொண்டார்கள், அதை எதிர்த்தவர்களும் அதையே எதிர்த்தார்கள். வீட்டை இரண்டு தரப்பும் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பது என் எண்ணம். வீடு கட்டப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். நிற்கும் நிலையைப் பற்றி வாதாட எதுவும் செலவில்லை.

இப்போது துப்பாக்கியின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி வைத்து, அதில் சிவப்புப் புள்ளி தெரிகிற மாதிரி வந்துவிட்டது. கண் எதிராளிமேலேயே இருக்கலாம், புள்ளி தானாக அவன்மேல் மிதக்கும். ஃபேர்பேர்ன் சொன்னதும் ஆச்சு, கூப்பர் சொன்னதும் ஆச்சு. பழைய வாக்குவாதத்தின் பாதி இந்தக் கண்ணாடியில் கரைந்துவிட்டது. மீதிப் பாதிக்காரர்கள், பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வாய் என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள்.