பலியாடும் போக்காடும்

எம் பங்கில் பள்ளித் தேர்வு எழுதவிருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். அண்மையில் ஒரு மாணவி 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லுக்குப் 'பலியாடு' என்று பொருள் எழுதியிருந்தாள். நாமும் பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம். லேவியர் நூலின் பதினாறாம் அதிகாரத்தைப் பிரித்து வாசிக்கச் சொன்னேன். அங்கே ஆடுகள் இரண்டு. சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுகிறார்கள்; மற்றொன்றின் தலைமேல் மக்களின் குற்றங்களையெல்லாம் சுமத்தி, உயிரோடு பாலைநிலத்திற்கு ஓட்டிவிடுகிறார்கள். ஆங்கிலச் சொல் குறிப்பது இந்த இரண்டாம் ஆட்டை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பொன்று இதனைப் 'போக்காடு' என்று அழகாகச் சொல்கிறது.

இச்சொல்லை ஆங்கிலத்திற்குத் தந்தவர் வில்லியம் டின்டேல். 1530-இல் மோசேயின் ஐந்நூல்களை எபிரேய மூலத்திலிருந்து மொழிபெயர்த்து அச்சிட்டபோது, 'தப்பிச் செல்லும் ஆடு' என்ற பொருளில் அதனைப் படைத்தார். அவர் 1526-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டிலிருந்தும் பல தொடர்கள் அன்றாட ஆங்கிலத்தில் கலந்துவிட்டன. 'தி பவர்ஸ் தட் பி' என்ற தொடரில் 'ஆர்' வராமல் 'பி' வருவது ஏன் என்று மாணவர்கள் குழம்புவர். அது பிழையன்று, அக்காலப் பன்மை வடிவம். உரோமையர் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஆளும் அதிகாரங்களைக் குறிக்க டின்டேல் அதனைக் கையாண்டார்.

அந்த அதிகாரங்களே அவர் உயிரைப் பறித்தன. அவரைச் சொற்போரில் எதிர்த்தவரோ நாம் வணங்கும் புனிதர் தாமஸ் மூர். 1529-இல் மூர் எழுதிய நூலில், டின்டேல் தெரிந்தெடுத்த சில சொற்களையே பெருங்குற்றமாகச் சாட்டினார். 'சர்ச்' என்ற இடத்தில் 'காங்கிரிகேஷன்', 'பிரீஸ்ட்' என்ற இடத்தில் 'சீனியர்', 'சாரிட்டி' என்ற இடத்தில் 'லவ்'. இன்று இது சொற்சண்டையாகத் தோன்றலாம். மூருக்கு அப்படித் தோன்றவில்லை. 'குரு' என்ற சொல் போனால் குருத்துவமும் பின்னால் போகும் என்று அவர் அஞ்சினார். அவ்வச்சம் வீணானதென்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் குருமடத்தில் சிறிது கிரேக்கம் கற்றவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 'பிரெஸ்பித்தெரோஸ்' என்பதன் நேர்ப்பொருள் 'மூத்தவர்' என்பதே. மூரின் உயிர்நண்பர் எராஸ்முசும் இலத்தீனில் 'காங்கிரிகாசியோ' என்று எழுதியவர்தாமே என்று டின்டேல் கேட்டார். நண்பரிடம் தீய நோக்கம் இல்லை என்பதே மூர் தந்த விடை!

'சாரிட்டி' மட்டும் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. 1582-ஆம் ஆண்டின் கத்தோலிக்க ரீம்ஸ் பதிப்பும், 1611-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் பதிப்பும் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அதனையே வைத்திருந்தன. காலப்போக்கில் அச்சொல் சுருங்கி, ஏழைக்கு இடும் தருமமாயிற்று. 1970-இல் அமெரிக்கக் கத்தோலிக்கர் வெளியிட்ட விவிலியம் 'லவ்' என்றே எழுதியது.

அரசனைத் திருச்சபையின் தலைவனாக ஏற்க மறுத்த மூர், 1535 ஜூலை 6 அன்று இலண்டனில் தலை வெட்டப்பட்டார். டின்டேல் அப்போது புருசெல்சுக்கு அருகே வில்வோர்டே சிறையில் இருந்தார். அங்கிருந்து அவர் இலத்தீனில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்துள்ளது. குளிருக்கு ஒரு தொப்பி, மாலையில் ஒரு விளக்கு, இவற்றோடு எபிரேய விவிலியம், இலக்கணம், அகராதி. 1536 அக்டோபரில், தப்பறை போதித்தவர் எனக் கழுத்து நெரித்துக் கொன்று, உடலை எரித்தனர்.

'அட்டோன்மென்ட்' என்ற சொல்லையும் அன்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவன் அதனை 'அட்டெய்ன்மென்ட்' என்று வாசித்தான். அது அடைதல், இது ஒப்புரவு என்று திருத்தி, சொல்லை மூன்றாகப் பிரித்துக் காட்டினேன்: அட், ஒன், மென்ட், ஒன்றாயிருத்தல். பகைத்துக்கொண்ட பிரபுக்களின் சமாதானத்தைக் குறிக்க மூர் தம் மூன்றாம் ரிச்சர்டு வரலாற்றில் இதனை எழுதினார். இறைவனோடு நமக்கு வாய்த்த ஒப்புரவைக் குறிக்க டின்டேல் உரோமையர் திருமுகத்தில் எழுதினார்.

"அப்படியானால் அவர்கள் இருவரும் சமாதானம் ஆனார்களா, ஃபாதர்?" என்று கேட்டாள் அந்த மாணவி.

"இல்லை, அம்மா" என்றேன்.