முரசறையும் பொறிகள்: ஜஸரி முதல் மின்மேளம் வரை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஓர் இயந்திரத் தொழிலாளியிடம் ‘கேம்’ என்றால் என்னவென்று வினவினால், அவர் விடை தேடி அலைய வேண்டியதில்லை. சுழலும் தண்டின்மீது ஒருபுறம் புடைத்து நிற்கும் துண்டு அது. தண்டு சுழலச் சுழல, அப்புடைப்பு ஒரு நெம்புகோலைத் தூக்கித் தூக்கி விடுகிறது. தொழிற்கூடத்தில் அவர் காணும் இதே அமைப்புத்தான் தமிழகக் கோயில்கள் பலவற்றில் மாலைப் பூசையின்போது மின்மேளமாக முழங்குகிறது. அதன் முன்னோடியோ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் பொறியறிஞர் எழுதிய அரபு நூலில் படத்தோடு விளக்கப்பட்டுள்ளது. இவ்வுறவை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள், தானாகவே இசைக்கும் குழற்கருவி ஒன்றை விவரித்துச் சென்றனர். முளைகள் பதித்த உருளை சுழன்று குழலின் துளைகளைத் திறந்து மூடும் வகையில் அது அமைந்திருந்தது. அவர்களுக்குப் பின்வந்த அபுல் இஸ் இஸ்மாயில் அல் ஜஸரி, தியார்பக்ரை ஆண்ட அர்துகீ அரசவையில் பணியாற்றியவர். ஹிஜ்ரி 602-இல், அதாவது கி.பி. 1206-இல், ஐம்பது பொறிகளை விளக்கும் தமது நூலை அவர் நிறைவு செய்தார். அவற்றுள் ஒன்று, அரசவை விருந்தின்போது நீர்நிலையில் மிதக்கவிடப்பட்ட இசைப் படகு. அதில் நான்கு பொம்மைக் கலைஞர்கள் அமர்ந்திருந்தனர். ஒருவர் குழலூத, ஒருவர் யாழ் மீட்ட, இருவர் முரசறைந்தனர். மறைவிலிருந்த தொட்டியிலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்ற, தண்டிலிருந்த முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, பொம்மைகளின் கைகள் அசைந்தன. முளைகளை இடம் மாற்றினால் தாளமும் மாறும் என்பது இக்கால ஆய்வாளர் சிலரின் கருத்து. பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நோயல் ஷார்க்கி இம்முறையில் ஒரு மாதிரியைச் செய்து காட்டியுள்ளார்.

இனி நம் கோயில்களின் மின்மேளத்தைக் காண்போம். இங்கே நீரின் இடத்தில் மின்மோட்டார் நிற்கிறது. மோட்டாரின் சிறிய சக்கரத்திலிருந்து பெல்ட் வழியாகப் பெரிய சக்கரம் சுழல்வதால் வேகம் குறைகிறது. அச்சக்கரத்தின் தண்டிலுள்ள புடைப்புகள் மேளக்கோல்களைப் பின்னுக்கு இழுத்து விடுவிக்க, ஸ்பிரிங்கின் விசையால் அவை தோலின்மீது விழுகின்றன. அதே தண்டு மணிகளையும் சேகண்டியையும் ஒலிக்கச் செய்கிறது. நான்கு துருவ மோட்டார் நம் நாட்டின் 50 சுழற்சி மின்னோட்டத்தில் நிமிடத்திற்கு 1500-க்குச் சற்றுக் குறைவான சுற்றுகளே சுழலும். ஆகவே மேளத்தின் காலப்பிரமாணத்தை நிர்ணயிப்பது பூசையன்று, மின்நிலையமே. தீபாராதனை நீண்டாலும் குறுகினாலும் அதன் நடை மாறாது. மின்சாரம் நின்றால் மேளமும் நிற்கும்.

மேலை நாட்டில் இதே கருத்து வேறு வழியில் வளர்ந்தது. 1959-இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் ‘சைட்மேன்’ என்னும் தாளப்பொறியை வெளியிட்டது. அதில் தோலும் இல்லை, கோலும் இல்லை. மோட்டாரால் சுழலும் ஒரு கை, வட்டத்தகட்டில் வரிசையாகப் பதித்த மின்தொடுகைகளை உரசிச் செல்லும். ஒவ்வொரு தொடுகையும் ஒரு வால்வுச் சுற்றைத் தூண்ட, முரசு போன்றும் தாளத்தட்டு போன்றும் ஓசை பிறக்கும். வால்ட்ஸ், டாங்கோ முதலான நடனத் தாளங்களுக்குத் தனித்தனித் தொடுகை வரிசைகள் இருந்தன. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயன்றது. இவ்வகையில் அது நம் மின்மேளத்தை விஞ்சியது. ‘சைட்மேன்’ என்றால் கூலிக்கு அமர்த்தப்படும் பக்கவாத்தியக்காரர் என்று பொருள். எவருடைய இடத்தை அப்பொறி பிடித்ததோ, அவருடைய பெயரையே அதற்குச் சூட்டினர்!

இதனைக் கண்ட ஜப்பானியர், சுழல்தகட்டு முறையிலேயே 1963-இல் ‘டொன்காமேட்டிக்’ என்னும் பொறியைச் செய்தனர். அதைச் செய்த நிறுவனமே பின்னாளில் கோர்க் எனப் புகழ்பெற்றது. அடுத்துவந்த டிரான்சிஸ்டர்கள் மோட்டாரையும் தகட்டையும் தேவையற்றவை ஆக்கின. 1980-இல் ரோலண்டு நிறுவனத்தின் டி.ஆர். 808 வந்தபோது, சுழலும் உறுப்பு எதுவும் எஞ்சவில்லை.

இவ்வலை கோடம்பாக்கத்தையும் வந்தடைந்தது. 1992-இல் ‘ரோஜா’ வெளிவந்த காலத்தையொட்டித் தாளப்பொறியும் கணினியும் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேரூன்றின. கூட்டமாக அமர்ந்து வாசித்த தாளக் கலைஞர்களின் வாய்ப்புகள் சுருங்கின. அப்படத்தின் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் அமைத்த திரைப்பட நகரம் இன்று கும்மிடிப்பூண்டியை அடுத்த அய்யர்கண்டிகையில், ஆலைகளின் அண்மையிலேயே அமைந்திருக்கிறது. பொறியும் இசையும் இவ்வாறு ஒரே வட்டாரத்தில் அண்டை அயலாகிவிட்டன.

பொறியைப் பழிப்பது நம் நோக்கமன்று. மின்மேளம் வந்ததால் மட்டுமே மேளக்காரர் போனார் என்பதும் முழு உண்மையாகாது. வருமானம் போதாமையால் அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில் நாடிய ஊர்களில், காலியாகிக் கிடந்த இடத்தில்தான் பொறி வந்து அமர்ந்தது. நம் சமுதாயத்திலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. பாங்கொலிக்கு முன் பள்ளிவாசலில் நகரா முழக்கி ஊருக்கு நேரம் உணர்த்துவது தமிழகத்தில் பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. ஒலிபெருக்கி வந்தபின் பல இடங்களில் நகரா மூலையில் ஒதுங்கியது. ரமளானில் தப்ஸ் கொட்டிச் சஹருக்கு எழுப்பிய பக்கீர்மாரின் குரலும் அருகி வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டிய சூரியக் கடிகை கல்லாதலின் இன்றும் நிற்கிறது. ஓசைக்கு அத்தகைய உறுதி இல்லை.

ஜஸரியின் முரசு பொம்மைகளை எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் மீண்டும் செய்ய முடிவது எதனால்? ஒவ்வோர் உறுப்பின் அளவையும் அமைப்பையும் அவர் படம் வரைந்து எழுதி வைத்ததனால். நம் ஊர்களில் எந்த வேளைக்கு நகரா எவ்வாறு முழங்கியது, எத்தனை அடி, எங்கே நிறுத்தம் என்பதை எழுதி வைத்தவர் எவர்? அதனை அடித்த முதியவர் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். ஜமாஅத்துகளும் கல்லூரித் தமிழ்த் துறைகளும் அவர்களை நாடிச் சென்று அந்த அடிகளைப் பதிவு செய்து, குறிப்பெழுதி வைக்க முன்வர வேண்டும். இப்பணிக்கு வேண்டிய கருவி இன்று அனைவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. காலம்தான் குறைவாக உள்ளது.