கரியரில் ஏறிய கமரா

மட்டக்களப்புக்கு 1920களின் இறுதியில் ரயில் வந்தது. அதற்குத் தெற்கே வரவில்லை. இன்றைக்கும் தெற்கேயுள்ள கரையோர ஊரான பெரியநீலாவணையைச் சேர்ந்த ஒருவர் ரயில் ஏற வேண்டுமென்றால் கல்லாறு, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி எல்லாம் தாண்டி மட்டக்களப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் ஒற்றைப் பெருந்தெரு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது எல்லைக்கோடு விழுந்ததும் இந்த ஊரின் வடக்குப் பக்கத்தில்தான். மேடு பள்ளம் இல்லாத, கைக்கெட்டும் தூரத்தில் அடுத்தடுத்து ஊர்கள் கிடக்கிற இப்படியொரு கரை சைக்கிளுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். சைக்கிளும் இங்கே அப்படித்தான் வேரூன்றியது.

கமராவின் கதை அத்தனை நேரானதல்ல.

இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பிள்ளைகள். இன்றைய சைக்கிளின் மூதாதையான ‘ரோவர்’ 1885இல் இங்கிலாந்தில் வந்தது. காற்றடித்த டயரை டன்லப் செய்தது 1888இல். அதே 1888இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் தன் முதல் கொடக் கமராவை விற்பனைக்கு விட்டார். உள்ளே நூறு படங்களுக்கான சுருள். முடிந்ததும் கமராவையே கம்பனிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படத்தைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதிலிருந்து பத்து வருடத்துக்குள் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவதற்கென்றே ‘பைசிக்கிள் கொடக்’ என்று விளம்பரம் செய்து கமரா விற்றார்கள். மேற்கு நாட்டு நடுத்தர வகுப்பின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இரண்டும் ஒன்றாகவே கைகோர்த்துப் புறப்பட்டன.

அந்த டயருக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரேசிலில் இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன றப்பர் விதைகள் அங்கே முளைத்து, 1876இல் கன்றுகளாக இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே பிள்ளையார் சுழி. உலகம் சைக்கிள் ஓடத் தொடங்கியதும் றப்பருக்கு விலை ஏறியது. ஆனால் பால் வெட்டிய தொழிலாளிக்கும் சைக்கிளுக்கும் இடையே அப்போது வெகுதூரம்.

சைக்கிளும் கமராவும் ஒருசேர இலங்கைத் தெருக்களில் ஓடியதற்கு எழுத்தில் சாட்சியம் இருக்கிறது. அமெரிக்கரான ஃபனி புல்லக் வேர்க்மனும் அவருடைய கணவர் வில்லியமும் 1890களின் கடைசி வருடங்களில் இலங்கையைச் சுற்றிவிட்டு இந்தியாவுக்குப் போனார்கள். சைக்கிளில் 14,000 மைல். 1904இல் புத்தகம் வந்தது. அதில் அவர்கள் எடுத்த கோயில் படங்கள் நிறைய. இந்தியத் தெருக்களில் ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்களாம். நெருஞ்சி முள் தெரிந்த கிழக்கிலங்கைக்காரருக்கு இது பெரிய ஆச்சரியமாக இராது. ஆச்சரியம் வேறொன்று: அத்தனை பஞ்சரையும் விரும்பி ஏற்றுக்கொண்டு, வேலை என்று எதுவும் இல்லாமல், பார்ப்பதற்காகவும் படம் எடுப்பதற்காகவும் மட்டும் ஒருவர் சைக்கிள் ஓடலாம் என்பது.

கிழக்குக்கு ஆரம்பத்தில் வந்த கமராக்களில் சில மனிதர்களை அளக்க வந்தவை. சுவிட்சர்லாந்தின் சரசின் உறவினர்கள் இருவர் 1880களில் வேடுவர்களைப் படம் பிடித்தார்கள். பிரிட்டிஷ் மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் கிழக்குக் கரையோர வேடர் பற்றியும் எழுதினார்கள். கொழும்பிலோ புகைப்படம் வசதியுள்ளவர்களின் கலையாக வளர்ந்தது. அதன் உச்சம் லயனல் வெண்ட்: வழக்கறிஞர், பியானோக் கலைஞர், 1944இல் மறையும்வரை ஓயாமல் பரிசோதனை செய்த புகைப்படக்காரர். பெரியநீலாவணைப் பக்கத்துச் சாதாரண மனிதருக்கு இந்த இரண்டு உலகமும் அந்நியம்.

சைக்கிள் அப்படியல்ல; அது வேலைக்காரனாகவே வந்தது. கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் ‘லேடி மனிங் பாலம்’ என்பது உத்தியோகப் பெயர். பாலம் வந்ததும் தெற்கிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு வள்ளத்துக்குக் காத்திராமல் போக வழி பிறந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் மேற்கே வயல்களை விரித்தது. கரையில் வீடு, மேற்கே வட்டை. நடுவே மைல் கணக்கில் வெயில். விதைப்பு, காவல், வெட்டு என்று ஒவ்வொரு போகத்துக்கும் எத்தனை தடவை போய்வருவது? மண்வெட்டியைப் பாரில் கட்டி, சோற்றுப் பார்சலை ஹான்டிலில் தொங்கவிட்டு ஓடியவர்களுக்கு ரலியும் ஹம்பரும் ஹெர்குலிசும் வீட்டில் இன்னொரு சம்பாதிக்கும் ஆள். நற்பிட்டிமுனைக்கு அப்பால் கிட்டங்கித் துறையில் மாரி வெள்ளம் வீதிக்கு மேலே பாயும்போது அந்தச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு.

மீன் பெட்டி கரியரில் ஏறியது. பாண் பெட்டி ஏறியது. மருதமுனைக் கைத்தறிச் சாரம் மூட்டையாக ஏறியது. ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்துக்கும், தபால்காரர்கள் வீடு வீடாகவும் ஓடினார்கள். இந்த ஊர் பெற்றெடுத்த கவிஞர் நீலாவணன் (1931–1975) ஆசிரியர். ஊரின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டவர். அந்தத் தலைமுறை ஆசிரியர்களின் உத்தியோகக் களை வெள்ளை வேட்டியும் சைக்கிளும்தான்.

அரசாங்கம் சைக்கிளை எப்படிக் கணக்கிட்டது என்று பார்ப்பது சுவையானது. உள்ளூராட்சிச் சபைகள் வர்த்தமானியில் வெளியிடும் வாகன, மிருக வரி அட்டவணையில் வியாபாரத்துக்குப் பாவிக்கும் சைக்கிளுக்கு 18 ரூபா, சொந்தப் பாவனைக்கென்றால் 4 ரூபா. அதே பட்டியலில் வண்டிக்கு 20, குதிரைக்கு 15, யானைக்கு 50. மீன் பெட்டி கட்டிய சைக்கிள் சட்டத்தின் கண்ணுக்குக் குதிரையைவிடப் பெரிய ஆள்! லைசென்ஸ் வில்லை இல்லாமலும் இரவில் விளக்கு இல்லாமலும் ஓடிப் பொலிசிடம் மாட்டிக்கொண்ட கதை வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும்.

சைக்கிளைச் சுற்றி ஒரு தொழிலும் வளர்ந்தது. சைக்கிள் கடையில் நடப்பதை நின்று பார்த்தவர் மறக்கமாட்டார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு கரண்டிக் காம்பால் டயரைக் கிளப்பி, டியூபை வெளியே உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் சாண் சாணாக அமுக்கிக்கொண்டே போவார். குமிழி கிளம்பும் இடத்தில் பென்சிலால் ஒரு குறி. அரத்தால் உரசி, சொலூசன் தடவி, உடனே ஒட்டமாட்டார். ஊதி ஊதிக் காயவிடுவார். ஒட்டைப் போட்டுச் சுத்தியலால் தட்டுவார். பிறகு டயரின் உட்பக்கத்தை விரலால் ஒருமுறை முழுதாகத் தடவுவார். முள் இன்னும் அங்கேயே இருந்தால் எல்லாம் வீண். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய 1970களின் முற்பகுதியில் டயரும் டியூபும் தட்டுப்பாடானபோது ஒட்டின் மேல் ஒட்டுப் போட்ட டியூப்களே இந்தக் கரையை ஓட்டின.

விளையாட்டும் இல்லாமல் இல்லை. சித்திரைப் புத்தாண்டு விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓடும் போட்டி இன்றுவரை நடக்கிறது. காலை ஊன்றாமல் கடைசியாக வருபவரே முதலாமவர். 1979இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் 187 மணித்தியாலம் 28 நிமிடம் இடைவிடாமல் ஓடிச் சாதனை படைத்தார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து திரும்பிய மனிதருக்கு நிலத்திலும் ஆசை அடங்கவில்லை.

கமராவை இந்தக் கரையின் வீட்டுக்குள் கொண்டுவந்தது கலையார்வம் என்று சொல்ல முடியாது. பெரும்பாலானோரைக் கமராவின் முன் இருத்தியது சட்டம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972இல் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கினார்கள். அட்டைக்குப் படம் வேண்டும். கிராமத்தவர் கல்முனைக்கு சைக்கிளில் போய் இறங்கி, ஸ்டூடியோக் கண்ணாடியில் தலை வாரி, குட்டிக்குரா பவுடர் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். இறந்த பிறகு அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அடையாள அட்டைப் படத்தில் யாரும் சிரிப்பதில்லை. ஆகவே நமது சுவர்களில் மாட்டியிருக்கும் அப்பாமாரும் வாப்பாமாரும் சிரிப்பதில்லை.

பொழுதுபோக்குப் படப்பிடிப்பு இந்தப் பிழைப்பின் இடுக்கில் முளைத்தது. ஒரு கிளாக்கர், ஓர் ஆசிரியர், மத்திய கிழக்குக்குப் போய் யாசிக்கா கமரா ஒன்றோடு திரும்பிய ஓர் இளைஞர்: ஊருக்கு ஒருவரோ இருவரோ. 36 படச் சுருளை எண்ணி எண்ணித்தான் அமுக்க வேண்டும். கழுவக் கொடுத்தால் கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ திரும்பப் போக வேண்டும். அதனால் படமெடுக்கும் ஆசை உள்ளவருக்கு சைக்கிள் இல்லாமல் தீராது. கமரா தோளில், அல்லது துவாயில் சுற்றிக் கரியரில்.

அவர்கள் ஓடிய வட்டாரமோ படத்துக்குப் பஞ்சமில்லாதது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை பேரில் கொடியேற்றம். மருதமுனைத் தறிகள். துறைநீலாவணைக்குப் போகும் தெருவில் வாவிக் காற்று. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்த ஊர்களை ஒரே பின்னேரத்தில் சைக்கிளில் சுற்றிவிடலாம். பஸ்ஸில் போகிறவர் சந்தியைத்தான் காண்பார், சைக்கிளில் போகிறவர் வளவையும் காண்பார்.

போர்க்காலம் இரண்டையும் முடக்கியது. சோதனைச் சாவடிக்கு முன் இறங்கிச் சைக்கிளை உருட்ட வேண்டும். அந்த நேரத்தில் கையில் கமரா இருந்தால் கேள்விக்கு மேல் கேள்வி. கமராக்கள் அலுமாரிக்குள் போயின. கடற்கரை ஈரத்தில் அலுமாரி கமராவுக்கு எமன்: சில மாரியிலேயே லென்சுக்குள் வெள்ளை நூலாகப் பூஞ்சணம் படரும். அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றப் பார்த்தவர்களும் உண்டு. ஏற்கெனவே 1978 நவம்பர் சூறாவளி கூரைகளோடு அல்பங்களையும் கொண்டுபோயிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி மிச்சத்தையும் எடுத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடற்கரையை ஒட்டிய வீடுகள் தரைமட்டம். பிள்ளையின் முகம் காட்டும் ஒரு படமாவது வேண்டுமென்று, திருமண வீடுகளுக்குப் போன உறவினர்களின் அல்பங்களில் தேடியவர்களும் இருந்தார்கள்.

சமாதான காலத்தில் மோட்டார் சைக்கிள் வந்து சைக்கிளைக் கோடிப்புறத்துக்குத் தள்ளியது. அதைத் திரும்ப இழுத்து வந்தது 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு. பெற்றோல் வரிசை நாள் கணக்கில் நீண்டது. பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பழைய லுமாலாச் சைக்கிள்களும் இந்திய, சீனச் சைக்கிள்களும் தூசு தட்டி வெளியே வந்தன. வரிசை மறைந்த பிறகும் சிலர் இறங்கவில்லை. விடியற்காலையில் தலைக்கவசம் போட்டு, ஒலுவிலோ அக்கரைப்பற்றோ வரை ஓடி, போகும் வழியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் இளைஞர்களை இப்போது இந்தத் தெருவில் காணலாம். வேர்க்மன் தம்பதியர் ஒரு நூற்றாண்டுக்கும் முன் செய்ததை இங்குள்ளவர்கள் இப்போது தங்கள் சொந்தத் தெருவில் செய்கிறார்கள்.

அவர்கள் எடுக்கும் படங்களில் குறை ஒன்று உண்டு: சூரிய உதயம் மிஞ்சிப்போயிற்று. கிழக்குக் கரையில் சூரியன் தினமும் கடலில்தான் உதிக்கிறது, நாளைக்கும் உதிக்கும். நாளைக்கு இல்லாமல் போகப்போவது சைக்கிள் கடையின் தண்ணீர்ச் சட்டியும், மரத் தறியும், பெட்டி கட்டிய மீன்காரரும். அக்கரைப்பற்றில் 1969 முதல் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இக்கரைத் தமிழர், முஸ்லிம்கள் பற்றி 2008இல் பெருநூல் வெளியிட்டார். வெளியிலிருந்து வந்தவர் பதிந்து வைத்தது நூலகங்களில் இருக்கிறது. உள்ளூர்க்காரர் எடுத்தது ட்ரங்குப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஏடுகளோடு புகைப்படங்களையும் எண்ணிமமாக்கி இலவசமாக இணையத்தில் வைக்கிறது. பெரியநீலாவணையிலோ அயலூரிலோ வீட்டில் பழைய அல்பம் வைத்திருப்பவர்கள் அடுத்த மாரிக்கு முன் அதைத் திறந்து, வயதானவர்களைக் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்னும் யார், எங்கே, எந்த வருடம் என்று பென்சிலால் எழுதி, ஸ்கேன் செய்து கொடுங்கள். பேனாவால் எழுத வேண்டாம்; மை ஊறிவிடும்.