சிலையின் முதுகையும் ஒரு படம் எடுங்கள்



ஒக்டோபர் பிற்பகுதி வந்துவிட்டால் சிட்னியில் வாழும் எமது வன்னி உறவுகள் போடும் படங்களில் ஒரு மாற்றம் தெரியும். பின்னால் நீலக் கடல். முன்னால் இரும்பிலோ கல்லிலோ கண்ணாடியிலோ செய்த ஏதோ ஓர் உருவம். அதன் பக்கத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். இது அங்கே நடக்கும் கடலோரச் சிற்ப விழா. 1997 இல் டேவிட் ஹேன்ட்லி என்பவர் தொடங்கியது. பொண்டை கடற்கரையிலிருந்து தமரமா வரை, குன்றோரமாக ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நடைபாதை நெடுகச் சிற்பங்களை வைப்பார்கள். முதல் முறை ஒரே ஒரு நாள்தான் நடந்தது. பிறகு அது வாரக்கணக்கில் நடக்கும் பெருவிழாவாகி, சிற்பங்களின் தொகையும் நூறைத் தாண்டியது.

இந்த விழாவின் சிறப்பு என்னவென்றால், முடிந்ததும் சிற்பங்களைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பாறை மறுபடியும் வெறும் பாறையாகிவிடும். அந்தச் சிற்பம் அந்தப் பாறையில், அந்த அலைக்கு முன்னால் நின்றது என்பதற்கு மிஞ்சுவது படம் மட்டுமே. அவுஸ்திரேலியாவின் 1968 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இந்த வேறுபாட்டைக் கவனிக்கிறது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தை யாரும் படமெடுத்து வெளியிடலாம் என்று விலக்களிக்கும் அந்தச் சட்டம், தற்காலிகமாக வைக்கப்பட்டதற்கு அந்த விலக்கைக் கொடுக்கவில்லை. நிற்கப்போவது எது, போகப்போவது எது என்று சட்டத்துக்கே ஒரு கணக்கு இருக்கிறது.

முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது. எமது பக்கத்தில் எந்தச் சிலையும், எந்த நினைவுக்கல்லும் நிரந்தரம் என்று எழுதித் தரப்படவில்லை. சிட்னியில் திகதி குறித்து எடுக்கிறார்கள். இங்கே இரவோடு இரவாகப் போய்விடுகிறது. ஆகவே ஒரு சிலையை எப்படிப் படமெடுக்கிறோம் என்பது எமக்குப் பொழுதுபோக்கு விடயமில்லை, வரலாற்று விடயம்.

முதலில் ஒரு பழைய கதை. 1344 இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, தென்கோடியில் உள்ள தேவேந்திரமுனைக்குப் போனார். 'தீனவர்' என்று அவர் எழுதும் அந்தக் கடலோர நகரில் ஒரு பெருங்கோயில் இருந்தது. உள்ளே ஆள் உயரத்தில் பொன்னாலான ஒரு சிலை இருப்பதையும், அதன் கண்களில் இரண்டு பெரிய மாணிக்கங்கள் பதித்திருப்பதையும், இரவில் அவை விளக்குப்போல ஒளிரும் என்று சொல்லப்படுவதையும் அவர் பதிவு செய்தார். அவர் சாதாரண வழிப்போக்கர் இல்லை. டில்லியிலும் மாலைதீவிலும் காழியாக இருந்தவர். தான் வணங்காத ஓர் உருவத்தைக் கண் திறந்து பார்த்து, உயரம், பொருள், கண்ணில் பதித்த கல் என்று குறித்து வைத்தார். 1588 இல் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலைக் கொள்ளையிட்டு அழித்தார்கள். அந்தச் சிலை எப்படி இருந்தது என்று இன்றைக்கு யாரும் அறிய விரும்பினால், ஒரு முஸ்லிம் காழியின் வரிகளைத்தான் தேடிப் போகவேண்டும்.

"சேர், நாங்கள் சிலையைப் படமெடுக்கலாமா?" என்று எமது வகுப்புப் பிள்ளைகள் கேட்பதுண்டு. மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும். வரலாறு படிப்பிக்கிறவர்களாக நாம் சொல்லக்கூடியது இது: வணங்குவது வேறு, சாட்சியாக நின்று குறித்து வைப்பது வேறு. இப்னு பதூதா செய்தது இரண்டாவது.

இனிச் சென்னைக்கு வருவோம். 1968 ஜனவரியில் அங்கே இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. இந்த மாநாடுகளுக்கு வித்திட்டவர் எமது ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பனைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளார். அந்த மாநாட்டை ஒட்டி மெரினா கடற்கரைச் சாலையோரம் பத்துச் சிலைகள் எழுந்தன. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. அதற்கு முன்னரே, 1959 இல், தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை அங்கே நின்றது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கும் அந்த உருவத்தைப் பார்க்காத தமிழ் வாசகர் குறைவு.

அந்தப் பத்துப் பேரை எண்ணிப் பாருங்கள். மூவர் ஐரோப்பியப் பாதிரிமார். தமிழுக்கு அவர்கள் செய்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அந்த வரிசையில் இல்லை. அவருக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் இருக்கிறது. உருவம் வேண்டாத சமூகம் கட்டடத்தில் நினைவை வைக்கிறது என்று இதைக் கொள்ளலாம். எப்படியானாலும் ஒரு சிலை வரிசையைப் படமெடுக்கும்போது, நிற்கிறவர்களோடு நிற்காதவர்களையும் எண்ணுவது நல்ல பழக்கம்.

மெரினாப் படங்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கண்ணகி சிலை 2001 டிசம்பரில் ஓர் இரவில் அகற்றப்பட்டது. 2006 ஜூன் 3 இல் மீண்டும் வைக்கப்பட்டது. அதே 2006 இல் கடற்கரைச் சாலையில் நிறுத்தப்பட்ட சிவாஜி கணேசன் சிலை 2017 ஓகஸ்டில் அடையாறுக்கு மாற்றப்பட்டது. இப்போது உங்கள் வீட்டில் திகதி எழுதாத ஒரு மெரினாப் படம் கிடைத்தால், கண்ணகி இருக்கவேண்டிய இடம் வெறுமையாகத் தெரிந்தால் அது எந்த நாலரை ஆண்டுக்குள் எடுத்தது என்று சொல்லிவிடலாம். சாலையில் சிவாஜி நின்றால் அது 2006 க்கும் 2017 க்கும் இடையில். சுற்றுலாப் படமும் ஆவணம்தான். படமெடுத்தவர் அதை நினைத்து எடுத்திருக்க வேண்டியதில்லை.

அதே மாநாடு நான்காவது தடவை 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. மெரினாவுக்குக் கிடைத்தவை சிலைகள். யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்தது ஜனவரி 10 இன் சாவுகள். அவர்களுக்காக முற்றவெளிப் பக்கம் எழுப்பிய நினைவிடம் பின்னர் இடிபட்டும் எழும்பியும் வந்தது. ஒரே மாநாட்டின் இரண்டு கரைகள் இவை.

இப்போது எமது வன்னி. முதலில் கற்சிலைமடு. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், பெயரிலேயே கற்சிலையை வைத்திருக்கும் ஊர். 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் இந்தப் பக்கத்தில் கப்டன் டிறிபேர்க்கிடம் தோற்றதாகச் சொல்லும் ஒரு கல் அங்கே இருந்தது. வெள்ளைக்காரன் தன் வெற்றியைச் சொல்ல நட்ட கல். ஆனாலும் ஊர்ச்சனம் அதைத் தங்களுடையதாகவே பார்த்தது. ஏனென்றால் பண்டாரவன்னியனின் பெயர் அதில் இருந்தது. போரின் பின் அந்தக் கல் உடைக்கப்பட்டது. வென்றவன் நட்ட கல்லே தோற்றவனின் சாட்சியாக மாறும் என்பதை அந்தக் கல்லின் பழைய படங்கள் இன்றும் எமக்குப் படிப்பிக்கின்றன.

அடுத்தது முள்ளிவாய்க்கால் கரையில் நின்ற கப்பல். 2006 டிசம்பரில் அரிசியோடு தென்னாபிரிக்காவுக்குப் போன ஜோர்தான் நாட்டின் 'பாரா 3' இயந்திரக் கோளாறால் எமது கரைக்கு வந்து சேர்ந்தது. மாலுமிகள் 25 பேரும் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டார்கள். கப்பல் அங்கேயே துருப்பிடித்தது. அது யாரும் செய்யாத சிற்பம். 2009 இன் முதல் மாதங்களில் அந்தக் கரை மணலில் பதுங்குகுழி வெட்டிச் சனம் இருந்தது. சண்டை முடிந்தபின் தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் அதே கப்பலுக்கு முன்னால் நின்று படமெடுத்தார்கள். பிறகு கப்பல் வெட்டப்பட்டு இரும்பாகப் போனது. வந்தவர்களின் படங்களில் கப்பல் தெளிவாக இருக்கிறது. மணலில் நடந்தது அதில் இல்லை. அவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. கடலைப் பார்த்து எடுத்த படத்தில் கரை வராது. அவ்வளவுதான்.

புதுக்குடியிருப்பில் நீர் நடுவே துப்பாக்கியும் கொடியும் ஏந்தி எழும் சிப்பாய் இருக்கிறார். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம், எறிகணை துளைத்து வெடித்த கொங்கிரீட் கனசதுரமும் அதன்மேல் மலர்ந்த தாமரையும் இருக்கின்றன. தெற்கிலிருந்து மகனைப் படைக்கு அனுப்பிய தாய் அந்தத் தாமரையைப் பார்ப்பார். கிளிநொச்சியில் வீட்டை இழந்த தாய் அந்தத் துளையைப் பார்ப்பார். ஒரே சின்னத்தில் இரண்டும் இருக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் ஒரு தாயின் படம்தான் கிடைக்கும்.

மாவீரர் துயிலுமில்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டதை நாம் அறிவோம். யாழ் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டு, ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. அதே ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்கால் முற்றத்தில் நினைவுச்சின்னம் சேதமாக்கப்பட்டது. புதிதாகக் கொண்டுவந்த நினைவுக்கல் காணாமல் போனது. முந்தின நாள் யாரோ எடுத்த படம் அடுத்த நாள் சாட்சியாகிவிட்டது.

எமது சமூகத்தின் கதையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். தண்ணீரூற்றும் நீராவிப்பிட்டியும் வெறிச்சோடின. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. கைக்குழந்தையைத் தூக்குவதா அல்பத்தைத் தூக்குவதா என்று யாரும் யோசிக்கவில்லை. அதனால் பல குடும்பங்களிடம் அதற்கு முந்திய படமே இல்லை. எமக்குச் சிலையும் இல்லை. எமது நினைவுச்சின்னங்கள் தூர்ந்த கிணறு, கூரையில்லாத பள்ளிவாசல் சுவர், மையவாடியில் சாய்ந்து நிற்கும் மீசான் கல். மீசான் கல்லை இழந்தவனுக்குத் துயிலுமில்லத்துக் கல்லை இழந்த தாயின் மனம் விளங்கவேண்டும். அந்தத் தாய்க்கும் எமது கிணற்றின் கதை விளங்கவேண்டும். விளங்கிக்கொள்ள முதலில் இரண்டையும் ஒருவர் படமெடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, கையில் போன் இருக்கிறது. ஒரு சிலையையோ நினைவுக்கல்லையோ கண்டால் ஐந்து படம் எடுங்கள்.

முதலாவது, முழு உருவம், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க. உயரம் தெரியவேண்டும்.

இரண்டாவது, பீடத்தில் எழுதியிருப்பது, எழுத்து வாசிக்கக்கூடியதாக. எந்த மொழியில் எழுதியிருக்கிறது, எந்த மொழியில் இல்லை என்பதும் செய்திதான்.

மூன்றாவது, முதுகுப் பக்கம். மெரினாச் சிலைகள் பெரும்பாலும் சாலையைப் பார்த்துக் கடலுக்கு முதுகு காட்டுகின்றன. செய்தவர் யாருக்காக அதைச் செய்தார் என்பதை முகம் பார்க்கும் திசை சொல்லும்.

நான்காவது, சிலை பார்க்கும் இடம். அதன் காலடியில் நின்று, அது எதைப் பார்க்கிறதோ அதை எடுங்கள். வீடா, வயலா, முகாமா, கடலா?

ஐந்தாவது, சுற்றுப்புறம். தூரத்தில் நின்று, வீதியும் மரமும் கடையும் தெரிய எடுங்கள். பின்னாளில் அந்தச் சிலை அகற்றப்பட்டால் அது நின்ற இடத்தை அந்தப் படம்தான் காட்டும்.

எமது கரை கிழக்கைப் பார்த்தது. காலையில் தரையில் நின்று கடலை நோக்கி எடுத்தால் உருவம் கறுத்து நிழலாக விழும். அழகாக இருக்கும், ஆனால் முகம் தெரியாது. பின்னேரம் வெயில் மேற்கிலிருந்து விழும்போது எடுத்தால் எழுத்தும் முகமும் தெளிவாக வரும். அழகுக்கு ஒன்று, ஆவணத்துக்கு ஒன்று என்று இரண்டு நேரமும் போய் எடுக்கலாம். செய்த கலைஞரின் பெயர் தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள். திகதியும் ஊரும் இல்லாமல் எந்தப் படத்தையும் போடாதீர்கள். யாரேனும் அழுதுகொண்டு விளக்கேற்றும் நேரத்தில் போனைப் பைக்குள் வையுங்கள். அது படமெடுக்கும் நேரம் இல்லை.

விடுமுறை வருகிறது. உங்கள் ஊரில் உள்ள ஒரே ஒரு சின்னத்தைத் தெரிவு செய்யுங்கள். ஆழிப்பேரலை நினைவிடமாக இருக்கலாம், பண்டாரவன்னியன் சிலையாக இருக்கலாம், பாழடைந்த பள்ளிவாசலின் மிஹ்ராபாக இருக்கலாம். ஐந்து படமும் ஐந்து வரியும் போதும். கொப்பியில் ஒட்டி வையுங்கள். போன் தொலையும், கொப்பி இருக்கும். அந்தச் சின்னம் நூறு வருடம் நின்றால் சந்தோசம். நாளைக்கே இல்லாமல் போனாலும், அது எங்கே நின்றது, எதைப் பார்த்தது என்று கேட்கிற பிள்ளைக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.